நோன்பு: ‘உபவாசம்’ என்னும் சொல்லும் அதன் தமிழும்

உணவை விலக்கி இறைவேண்டலில் நிலைத்திருப்பதைக் குறிக்கக் கிறித்தவத் தமிழில் இரு சொற்கள் வழங்குகின்றன. மத்தேயு 6:16இல் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘நீங்கள் உபவாசிக்கும்போது’ என்கிறது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்போ ‘நீங்கள் நோன்பு இருக்கும்போது’ என்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று கடந்துவிடலாம். ஆனால், அவற்றின் வேர்கள் வெவ்வேறு திசையில் செல்கின்றன.

உபவாசம் வடசொல். ‘உப’ என்பது அருகு. ‘வாசம்’ என்பது தங்குதல். வேதச் சடங்கில் வேள்விக்கு முந்திய நாளை ‘உபவசதம்’ என்றனர். பௌத்தரின் நோன்பு நாளாகிய ‘உபோசதம்’ அதன் வழிவந்தது. இப்பொருளைக் கொண்டு, ‘உபவாசம் என்றால் கடவுளுக்கு அருகே தங்குதல்’ என்று மறையுரைகளில் விளக்குவது உண்டு. கருத்து நல்லதே. ஆயினும் அது வடமொழிச் சொல்லிலிருந்து பிறக்கும் கருத்தேயன்றி, விவிலியத்தின் மூலச் சொற்களில் இருப்பதன்று.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லாகிய ‘நேஸ்தேயா’, ‘உண்ணாமை’ என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் நோன்பைக் குறிக்க ‘சோம்’ என்னும் சொல்லோடு வேறொரு தொடரும் உண்டு. பாவநிவிர்த்தி நாளைப் பற்றிய லேவியராகமம் 16:29இல், ஆத்துமாவைத் தாழ்மைப்படுத்த வேண்டும் என்று பழைய மொழிபெயர்ப்பு கூறுமிடம் அது. அங்கே ‘ஆத்துமா’ என்று பெயர்க்கப்பட்ட ‘நெபெஷ்’ உயிரையும் தொண்டையையும் ஒருங்கே குறிக்கும் சொல்லாதலால், தொண்டையை ஒறுப்பதும் உயிரைப் பணியவைப்பதும் எபிரேயர் செவியில் ஒரே செயலாக ஒலித்திருக்கும்.

இந்த எபிரேயத் தொடருக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் நோன்பு. ‘நோல்’ என்னும் வினையடிக்குப் பொறுத்தல், தவம்செய்தல் என்பன பொருள். அதே அடியைச் சேர்ந்த ‘நோன்மை’ வலிமையையும் பொறுமையையும் குறிக்கும். ‘உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும் இன்னாச்சொல் நோற்பாரின் பின்’ என்னும் குறள் (160), பசியைத் தாங்குவதற்கும் வசையைத் தாங்குவதற்கும் ஒரே வினையைப் பயன்படுத்தி, இரண்டாவதையே மேலாக வைக்கிறது. எசாயா 58ஆம் அதிகாரமும் இவ்வாறே அளவிடுகிறது: நோன்பு நாளிலேயே வழக்காடி, வேலையாட்களை ஒடுக்குவோரின் பசியை இறைவன் ஏற்பதில்லை, ஒடுக்கப்பட்டோரை விடுவிப்பதும் பசித்தோருக்கு உணவைப் பகிர்வதுமே அவர் விரும்பும் நோன்பு.

நோன்பு என்னும் சொல்லையே நான் தேர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. உம் சீடர் ஏன் நோன்பு இருப்பதில்லை என்று கேட்டவர்களுக்கு, மணமகன் தங்களோடு இருக்கும்போது மணவிருந்தினர் துக்கம் கொண்டாட முடியுமா என்றும், அவர் அவர்களிடமிருந்து எடுக்கப்படும் நாளில் அவர்கள் நோன்பு இருப்பார்கள் என்றும் இயேசு விடையளித்தார் (மத்தேயு 9:15). அதாவது, அவர் அருகே இருந்தபோது நோன்பு இல்லை. அவர் பிரிந்த பின்னரே நோன்பு. உபவாசம் என்னும் சொல்லின் ‘அருகே தங்குதல்’ இவ்விடத்தில் சற்று முரண்படுகிறது. பிரிவைப் பொறுத்துக் காத்திருத்தலோ ‘நோற்றல்’ என்னும் வினைக்குள் இயல்பாக அடங்குகிறது.

பட்டினி, உண்ணாவிரதம் ஆகியவை இங்கே பொருந்தா. முன்னது உணவின்மையால் நேர்வது. பின்னது பிறரைப் பணியவைக்கும் போராட்டத்தின் நிறத்தைப் பெற்றுவிட்டது. தலைக்கு எண்ணெய் பூசி, முகம் கழுவி, பிறர் அறியாதவாறு நோன்பு இருக்குமாறு பணித்த இயேசுவின் போதனைக்கு அந்நிறம் ஒவ்வாது.

கத்தோலிக்க வழக்கில் ‘ஒருசந்தி’, ‘சுத்தபோசனம்’ என இரு சொற்கள் தனித்து நிற்கின்றன. சந்தி என்பது பொழுது. ஒருசந்தி, ஒரு வேளை மட்டும் முழு உணவு கொள்ளுதல். சுத்தபோசனம் இறைச்சியைத் தவிர்த்தல். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் சாம்பல் புதனுக்கும் புனித வெள்ளிக்கும் இவ்விரண்டையும் விதிக்கிறது. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தோருக்கும், ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது நிறையும் வரை உள்ளவர்களுக்கும் உரியது. எனவே, இயேசு பாலைநிலத்தில் இருந்த நாற்பது நாளைய நோன்பை ‘ஒருசந்தி’ என்று எழுதுவது பிழை.