ஜீவனி கரைக்க ஒரு போத்தல் போதாது

2005 தை மாதம். கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் சுனாமி முகாம். ஒரு வகுப்பறைக்கு ஐந்தாறு குடும்பம், மலசலகூடத்துக்கு நீண்ட வரிசை. இரண்டு வாங்குகளை இணைத்துப் போட்ட படுக்கையில் வயிற்றோட்டத்தோடு ஒரு சின்னப் பிள்ளை. பக்கத்தில் அம்மம்மா ஜீவனிப் பக்கற்றை (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-குளுக்கோஸ் தூள்) முழுசாக ஒரு கிளாசுக்குள் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"கடுமையா இருந்தாத்தானே மகன் கெதியில சுகமாகும்."

கசாயத்துக்கு அது சரி. ஜீவனிக்குச் சரிவராது.

நம் சிறுகுடல் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. குளுக்கோஸ் ஒன்று உள்ளே போகும்போது இரண்டு சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும்; அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். கொலரா நஞ்சு உப்பையும் நீரையும் குடலுக்குள் கொட்ட வைக்கிறதே தவிர, இந்த வாசலை அடைப்பதில்லை. ஜீவனி வேலை செய்வது அந்த வாசலால்தான். வயிற்றோட்டத்தை அது நிறுத்தாது, போன நீரைத் திரும்பக் கொடுக்கும். 'குடுத்தும் நிக்கல்லையே' என்று பலர் பாதியில் கைவிடுவது இது தெரியாமல்தான்.

1971இல் வங்காளதேச அகதிகள் நிரம்பிய, இந்தியாவின் மேற்கு வங்காளத்திலுள்ள போங்கானில் கொலரா பரவியது. ஏற்றுவதற்கு சேலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கரைத்து டிரம்களில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரரையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதமளவில் இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. தாதிமார் போதாத முகாமில் அம்மம்மாதான் தாதி. அதனால்தான் அவர் கை அளவு முக்கியம்.

உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய கலவை, ஒரு பக்கற்றை ஒரு லீற்றரில் கரைத்தால் 245 மில்லிஒஸ்மோல் (கரைசலின் கடுமையைச் சொல்லும் அளவு). இரத்தம் ஏறக்குறைய 290. கரைசல் இரத்தத்தை விட ஐதாக இருப்பதால் தண்ணீர் உடம்புக்குள் போகிறது. அதையே 200 மில்லிலீற்றர் கிளாசில் கரைத்தால் ஐந்து மடங்கு கடுமை: உடம்பில் மிஞ்சியிருக்கும் நீரும் குடலுக்குள் இழுபட்டுவிடும், சோடியம் ஏறினால் பிள்ளைக்கு வலிப்பே வரலாம். நம் ஊரில் 'ஒரு போத்தல்' என்றால் 750 மில்லிலீற்றர் என்பதும் ஒரு தொல்லை. அதில் கரைத்தால் 327 வரும். பழைய கலவையே 311 இருந்தது, ஆகவே பெரிய ஆபத்தில்லை, ஆனாலும் எதற்கு?

இன்னொன்று, தண்ணீர். கரையோரக் கிணறுகளுக்குள் கடல் புகுந்திருந்தது. நம் மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் படலம்தான். கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். உவர்த் தண்ணீரில் ஜீவனியைக் கரைத்தால் உப்புக்கு மேல் உப்பு. ஆகவே பவுசர் லொறியில் வரும் தண்ணீர்தான்.

அம்மம்மாவுக்கு ஒரு லீற்றர் சோடாப் போத்தலொன்று தேடிக் கொடுத்தோம். பிள்ளை சத்தியெடுத்தது. பத்து நிமிடம் விட்டு, தேக்கரண்டி தேக்கரண்டியாகத் திரும்பத் தொடங்கினார். பொழுதுபடும்போது பிள்ளை மூத்திரம் பெய்தது; உடம்பில் நீர் சேர்ந்ததற்கு அதுதான் அடையாளம். அதைப் பார்த்து அந்த வகுப்பறையே சிரித்தது. 24 மணித்தியாலம் கழிந்தால் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும் என்று சொன்னபோதுதான் அம்மம்மா என்னை முறைத்தார்.