எனக்குப் பிடித்தது, என்னைப் பிடித்தது

குழந்தை பெற்று இரண்டு மாதமான ஒரு பெண்ணை அவருடைய மாமியார் அழைத்து வந்திருந்தார். "இவளுக்கு ஏதோ வெறி பிடித்திருக்கிறது டாக்டர், பெற்ற பிள்ளையைத் தொடமாட்டேன் என்கிறாள்" என்றார். தனியாகக் கேட்டபோது அந்தப் பெண் நெடுநேரம் அழுதுவிட்டுச் சொன்னார்: "கத்தியைப் பார்த்தால் குழந்தையைக் குத்திவிடுவேனோ என்று ஒரு நினைப்பு வருகிறது. நானாக நினைக்கவில்லை. அது என்னைப் பிடித்துக்கொண்டது." (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மாமியாரும் மருமகளும் பயன்படுத்தியது 'பிடி' என்ற ஒரே வினைச்சொல். இசை எனக்குப் பிடிக்கும் என்கிறோம். பேய் என்னைப் பிடித்தது என்கிறோம். 'கு' என்ற உருபு வந்தால் விருப்பம், 'ஐ' வந்தால் சிறைப்படுதல். சளியும் பைத்தியமும் 'எனக்கு'த்தான் பிடிக்கின்றன என்பதால் இதை இலக்கண விதியாகக் கொள்ள முடியாது. ஆனாலும் மனநல மருத்துவராக நான் முதலில் காது கொடுப்பது இந்த வேறுபாட்டுக்குத்தான்: அந்த எண்ணத்தை இவர் விரும்புகிறாரா, அதனிடமிருந்து தப்பிக்கத் துடிக்கிறாரா?

விருப்பத்தின் பக்கம் நம் மொழியில் சொற்களுக்குக் குறைவில்லை. நாட்டம், ஈடுபாடு, பற்று ஆகியவற்றில் மனிதர் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறார். வடமொழியில் மதிமயக்கத்தைக் குறிக்கும் மோகம், தமிழில் பேராசையும் காமமும் ஆயிற்று. ஆனால் மயக்கத்தின் சாயல் அதைவிட்டுப் போகவில்லை. பித்து என்ற சொல்லுக்கோ எப்போதும் ஒரு கனிவு கிடைக்கிறது. இறைவனையே பித்தன் என்று கொஞ்சிய மொழி இது. அதனால்தான், மறுத்துவிட்ட பெண்ணை விடாமல் பின்தொடரும் இளைஞனைப் பற்றியும் "காதல் பித்து, சரியாகிவிடும்" என்று வீட்டார் என்னிடமே சொல்கிறார்கள். அந்த இடத்தில் இந்தச் சொல்லை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. அங்கே அச்சத்தில் இருப்பவர் அந்தப் பெண்.

வெறி என்ற சொல்லின் வரலாறு இன்னும் ஆழமானது. சங்க அகப்பாடல்களில் தலைவி உடல் மெலிந்தால், முருகன் பிடித்து வருத்துகிறானோ என்று அஞ்சித் தாய் வேலன் என்னும் முருக பூசாரியை அழைத்து, அவன் சாமியாடிக் காரணம் சொல்லும் வெறியாட்டு நடத்துவாள். உண்மைக் காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. அருகில் இருப்பவர்கள் அன்பினாலேயே தவறான பெயர் சூட்டுவது அவ்வளவு பழையது. அந்த மாமியாரும் மருமகள்மீது அன்பில்லாமல் அப்படிச் சொல்லவில்லை.

விருப்பமில்லாத பக்கத்துக்குத்தான் நம் அன்றாடப் பேச்சில் சொல் போதவில்லை. விரும்பாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஆட்டிவைப்பதை மருத்துவத்தில் எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) என்கிறோம். அந்தப் பெயரோடு யாரும் என்னிடம் வந்ததில்லை. "திருப்தி வரவில்லை", "மனம் கேட்கவில்லை", "இன்னொரு முறை பார்த்துவிட்டால் நிம்மதி" என்றுதான் வருகிறார்கள். நூறு பேரில் ஏறத்தாழ 2 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. கையை மணிக்கணக்கில் கழுவுபவரை வீட்டில் சுத்தக்காரர் என்று பாராட்டுகிறார்கள். தோல் வெடித்து ரத்தம் வரும்வரை அவர் படும் வேதனை யார் கண்ணிலும் படுவதில்லை. இந்த எண்ணங்களும் அவற்றை அடக்கச் செய்யும் செயல்களும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, வேலையையும் உறவையும் குலைத்தாலோ, குணம் என்று விட்டுவிடாதீர்கள்.

கத்தியைக் கண்டு நடுங்கிய அந்தத் தாய்க்கு நான் முதலில் சொன்னது 1978இல் ராக்மன், டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வைத்தான். அவர்கள் கேட்ட சாதாரண மனிதர்களில் பெரும்பாலோருக்கு, நோயாளிகளுக்கு வருவது போன்ற அருவருப்பான, வன்முறையான எண்ணங்கள் அவ்வப்போது வந்திருந்தன. எண்ணம் வருவது நோயில்லை. "இப்படி நினைத்துவிட்டேனே, நான் கொலைகாரியா?" என்று அதற்குப் பொருள் கற்பித்து, அதை விரட்டப் போராடும்போதுதான் சுழல் இறுகுகிறது. குழந்தையை உயிராக நேசித்ததால்தான் அந்த எண்ணம் அவரை அப்படிக் கலங்கடித்தது. இத்தகைய நோயாளிகள் அந்த எண்ணத்தைச் செயலாக்குபவர்கள் அல்லர்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத நிலை ஒன்று உண்டு. பிரசவத்துக்குப் பின் ஒரு பெண் குரல்கள் கேட்பதாகச் சொன்னாலோ, குழந்தை தீய சக்தி என்று உறுதியாக நம்பினாலோ, தூக்கமின்றி நிலைகுலைந்து பேசினாலோ அது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள்.

எண்ணச் சுழற்சி நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொண்டு, கழுவுவது, சரிபார்ப்பது என வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் பதற்றம் தானே தணியும்வரை இருக்கப் பழகும் முறைக்கு 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர் அடித்தளமிட்டார். மூளையில் உள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் சார்ந்த மாத்திரைகளும் உதவும். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். இரண்டே வாரத்தில் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் நோகிறது.

வீட்டாருக்கும் இதில் ஒரு கடினமான வேலை உண்டு. "நான் ஒன்றும் செய்துவிட மாட்டேனே?" என்று அந்தப் பெண் நாளுக்கு இருபது முறை கேட்பார், மாமியார் இருபது முறையும் "மாட்டாய் அம்மா" என்பார். ஒவ்வொரு பதிலும் சில நிமிட நிம்மதியைக் கொடுத்து அடுத்த கேள்வியை வளர்த்தது. சிகிச்சை தொடங்கிய பின், "அந்த எண்ணம் வந்திருக்கிறது போல, அது இருக்கட்டும், நீ குழந்தையைத் துவட்டு" என்று மட்டும் சொல்லப் பழக்கினேன். முதல் வாரம் இருவருமே அழுதார்கள். மூன்றாம் மாதம் அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக என் அறைக்கு வந்தார். எண்ணம் இன்னும் வருகிறதா என்று கேட்டேன். "வருகிறது டாக்டர். நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.