ரசம் எந்தப் பக்கம்? கண்ணாடி தேர்வதும் வெட்டுவதும்

களியக்காவிளையிலிருந்து கொல்லங்கோடு, தூத்தூர் வரை கடலை ஒட்டிய வீடுகளில் பாத்ரூம் கண்ணாடியின் கீழ் ஓரம்தான் முதலில் கறுக்கும். மேல் ஓரம் அப்படியே இருக்கும். வழிந்து வரும் தண்ணீர் கீழ் ஓரத்தில் தங்கி நிற்பதே காரணம். வெட்டிய விளிம்பில் ரசம், அதாவது பிம்பம் காட்டும் உலோகப் பூச்சு, மூடாமல் கிடப்பதால் ஈரமும் உப்பும் அந்த இடுக்கு வழியே உள்ளே ஏறுகின்றன. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) இரண்டுமே பெய்யும் குமரி மாவட்டத்தில் சுவர் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

நாம் முகம் பார்ப்பது ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமே உள்ள வெள்ளிப் படலத்தில். தொழிற்சாலையில் கண்ணாடியைக் கழுவி, டின் குளோரைடு கரைசலைத் தெளித்து, அதன்மேல் சில்வர் நைட்ரேட் கரைசலையும் அதிலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் இன்னொரு கரைசலையும் ஒன்றாகப் பீய்ச்சுவார்கள். வெள்ளி கண்ணாடியில் படியும். அதற்குக் காவலாக ஒரு செம்புப் பூச்சு, அதற்கு மேல் பெயின்ட். செம்புக்குப் பதில் வேறு பூச்சு கொடுத்த ‘காப்பர் ஃப்ரீ’ கண்ணாடி ஓரத்தில் மெதுவாகத்தான் அரிக்கும். கடலோர வீட்டுக்கு அதைக் கேட்டு வாங்குவது நல்லது. பிளாஸ்டிக் வகையான அக்ரிலிக் கண்ணாடியில் வெள்ளி கிடையாது. வெற்றிடத்தில் ஆவியாக்கிய அலுமினியத்தை ஷீட்டின் முதுகில் படியவிட்டு பெயின்ட் அடித்திருப்பார்கள். வெள்ளி 95 சதவீதத்துக்கு மேல் ஒளியைத் திருப்பும்; அலுமினியம் 90 சதவீதத்தை ஒட்டி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அக்ரிலிக் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதில் வியப்பில்லை.

ரசம் எந்தப் பக்கம் என்று பார்க்க ஓர் ஆணி முனை போதும். முனையைக் கண்ணாடியில் தொட்டு வைத்து, முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். 4 எம்எம் கண்ணாடியில் அது 5 எம்எம்முக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். முனையும் பிம்பமும் ஒட்டிக்கொண்டால் ரசம் முன்பக்கம் இருக்கிறது. தொலைநோக்கி, புரொஜெக்டர், கலைடாஸ்கோப் ஆகியவற்றுக்கு இந்த முன்பூச்சுக் கண்ணாடிதான் வேண்டும். பின்பூச்சில் கண்ணாடியின் முன்முகமும் 4 சதவீத ஒளியைத் திருப்புவதால் பிம்பத்தோடு ஒரு நிழல் பிம்பமும் ஒட்டி நிற்கும். வீட்டில் அது கண்ணில் படாது. லென்ஸ் வழியே பார்த்தால் படும்.

கேரளத்தில் பம்பைக் கரையில் செய்யப்படும் ஆரன்முளைக் கண்ணாடியும் இந்த ஆணிச் சோதனையில் இடைவெளி காட்டாது. அது முழுக்க உலோகம்: செம்பும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்த்து வார்த்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. வெள்ளீயம் இவ்வளவு சேர்வதால் உலோகம் வெளுத்து இறுகுகிறது. கூடவே நொறுங்கும் தன்மையும் வருகிறது. விஷுக்கணித் தட்டில் வைக்கும்போது கை நழுவினால் சாதாரணக் கண்ணாடி போலவே உடையும்.

ஹோட்டல் அறையில் மறைகண்ணாடி (இந்தப் பக்கம் முகம் காட்டி, அந்தப் பக்கத்திலிருந்து நம்மைப் பார்க்க விடும் கண்ணாடி) இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்லி, விரலுக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இல்லையென்றால் அது மறைகண்ணாடி என்னும் வாட்ஸ்அப் செய்தியை நம்ப வேண்டாம். விரல் காட்டுவது ரசம் முன்பக்கமா பின்பக்கமா என்பதை மட்டும். மறைகண்ணாடி பாதி ரசம் பூசியது. அந்தப் பக்கம் இருட்டாகவும் இந்தப் பக்கம் வெளிச்சமாகவும் இருக்கும்வரைதான் அதன் வித்தை பலிக்கும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தால் அந்தப் பக்கத்து அறை தெரிந்துவிடும்.

அக்ரிலிக்கா கண்ணாடியா என்பதை எடையும் விறைப்பும் தீர்மானிக்கும். ஒரு சதுர மீட்டர், 3 எம்எம் கனத்தில், கண்ணாடி 7.5 கிலோ, அக்ரிலிக் 3.6 கிலோ. அக்ரிலிக் சில்லுச் சில்லாகச் சிதறாது என்பதால் குழந்தைகள் அறைக்கும் மேடை அலங்காரத்துக்கும் ஏற்றது. மலைச்சாலை வளைவில் நிற்கும் குவி ஆடிகளிலும் அது உண்டு. ஆனால் கண்ணாடியின் விறைப்பில் இருபதில் ஒரு பங்குகூட அதற்குக் கிடையாது. சுவர்ப் பூச்சின் மேடுபள்ளத்தோடு அதுவும் வளையும், முகம் கோணும். இரண்டடிக்கு மேல் நீளமாக, முகம் பார்க்கவே வேண்டுமென்றால் கண்ணாடியே வாங்குங்கள். வெப்பமும் கணக்கில் வரும். 20 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் அக்ரிலிக் 1.4 எம்எம் நீளும், கண்ணாடி 0.2 எம்எம்கூட நீளாது. நான்கு மூலையும் ஸ்க்ரூவால் இறுக்கிய அக்ரிலிக் நடுவில் புடைத்துக்கொள்வது இதனால்தான். ஸ்க்ரூவைவிடத் துளை பெரிதாக இருக்கட்டும். இறுக்கிய பிறகு அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள்.

கண்ணாடியை வெட்டுவது என்கிறோமே தவிர, கட்டர் வெட்டுவதில்லை. கட்டரின் சிறு சக்கரம் மேற்பரப்பில் ஒரு கீறல் போட்டு, அதன் அடியில் நுண்ணிய விரிசலை இறக்குகிறது. பிறகு வளைக்கும்போது அந்த விரிசல் வழியே கண்ணாடி பிளக்கிறது. சக்கரம் ஓட வேண்டியது எப்போதும் வெறும் கண்ணாடி மேல், ரசம் கீழே. பின்பூச்சென்றால் முகப் பக்கம் கீறு. முன்பூச்சென்றால் பாதுகாப்புப் படலத்தைக் கழற்றாமல் கவிழ்த்து, முதுகில் கீறு. மேசையில் கம்பளம் விரித்து, பழைய சில்லு ஒன்றுகூட இல்லாமல் துடைக்க வேண்டும். கிடக்கும் ஒரு சில்லு ரசத்தில் புள்ளி விழ வைத்துவிடும்.

சக்கரத்தை ஒரு துளி மண்ணெண்ணெயில் நனைத்து, ஸ்கேலைக் கோட்டிலிருந்து கட்டர் தலையின் பாதி அகலம் தள்ளி வைத்து, ஒரே இழுப்பில் கடைசிவரை வாருங்கள். கிர்ரென்ற சத்தம் விட்டுவிட்டு வராமல் சீராக வந்தால் அழுத்தம் சரி. கோடு வெள்ளை வெள்ளையாகப் பொடி கக்கினால் அழுத்தம் அதிகம்; பக்கவாட்டில் விரிசல் ஓடியிருக்கும். விட்ட இடத்தை மறுபடி கீறவே கூடாது. கீறியதைத் தள்ளிப் போடவும் கூடாது. காற்றின் ஈரம் விரிசல் நுனிக்குள் போய் அங்குள்ள இறுக்கம் தளர்ந்துவிட்டால், உடைவு கோட்டை விட்டு விலகும்.

கோட்டின் முனைக்கு அடியில் ஒரு தீக்குச்சியை வைத்து இருபுறமும் அழுத்தினால் பிளவு மறுமுனைக்கு ஓடும். ஒரு பக்கம் குறுகலாக இருந்தால் பிளவு அந்தப் பக்கமே சாயும். ஆகவே பெரிய ஷீட்டை முதலில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டே வந்து, இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த பட்டையைப் பிளையரால் எடுப்பது பாதுகாப்பு. சுவிட்ச் பெட்டிக்காக உட்புறம் மூலை எடுக்கும்போது மூலையில் முதலில் துளை போட வேண்டும். கூர் மூலை என்றைக்காவது விரிசல் விடும். டஃபன்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியை மட்டும் தொடாதீர்கள். கீறல் ஆழமானால் முழுத் துண்டும் பொடியாகிவிடும்.

விளிம்பைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் கூர் மழுக்கி, நன்றாகக் காயவைத்து, ஓரத்துக்கு எட்ஜ் சீலர் (ஈரம் புகாமல் ஓரத்தை மூடும் பூச்சு) பூசினால்தான் வேலை முடியும். கடலோரத்தில் கண்ணாடியின் ஆயுள் இந்தக் கடைசி வேலையில் இருக்கிறது. கூலி பேசும்போது விடுபடுவதும் இதுதான். ஒட்டும்போது புளிக்காடி வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம். அதிலிருந்து வரும் அசெட்டிக் அமிலம் பெயின்டைத் தாண்டி வெள்ளியைக் கறுக்க வைக்கும். ‘நியூட்ரல்’ என்று எழுதிய குழாயை வாங்கி, மேலிருந்து கீழாகப் பட்டைபட்டையாக இடுங்கள். வட்டமாகச் சுற்றினால் நடுவில் ஈரம் சிறைப்படும்.

அக்ரிலிக்குக்கு வேறு வழி. 3 எம்எம் வரை, பாதுகாப்புப் படலத்தைக் கழற்றாமல் முகப் பக்கத்தில் கொக்கிக் கத்தியால் ஏழெட்டு முறை இழுத்து, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போனதும் மேசை விளிம்பில் வைத்து ஒடிக்கலாம். ரம்பத்தில் என்றால் பல் நுழையும் பக்கம் பூச்சு இருக்கட்டும். நுழையும் பல் பூச்சை ஷீட்டோடு அமுக்கும், வெளியேறும் பல் உரித்துத் தள்ளும். லேசரில் வெட்டிய விளிம்பு பளபளப்பாக வரும், ஆனால் உள்ளே சூட்டின் இறுக்கம் ஒளிந்திருக்கும். அதன்மேல் ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் சற்று நேரத்தில் நரம்பு நரம்பாக விரிசல் விடும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் கூடாது. இரண்டு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி, அவ்வளவுதான். உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்னேற்றம் சாலைத் தூசியை இழுத்து ஒட்டவைக்கும், அடுத்த தேய்ப்பில் அந்தத் தூசியே கோடு போடும்.