விரல் துணியும் ஒரு சொம்பு தண்ணீரும்

ஜனவரி 1 காலை. பாம்பனில் வாடைக்காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்தது. சின்னப்பாலத்தில் சித்தி வீட்டுத் திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "இந்த வருசமாச்சும் தண்ணிய ஒழுங்கா குடிக்கணும்ப்பா" என்றார் சித்தி.

சித்தி கடல்பாசி எடுப்பவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், மாதத்துக்கு ஏறக்குறைய 12 நாள், மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பாறைகளில் மணிக்கணக்காக மூழ்கி மூழ்கி எழுவார். உடம்பு முழுக்கத் தண்ணீரில் இருக்கும், தொண்டை மட்டும் காய்ந்து கிடக்கும். நீர்க்கடுப்பு வந்து படுத்த நாட்கள் நிறைய. இதே வார்த்தையைப் போன புத்தாண்டிலும் சொன்னார். அப்போதும் மனதாரத்தான் சொன்னார். அப்படியிருந்தும் அந்த எண்ணம் ஏன் கைக்கு வந்து சேரவில்லை? இதைப் பற்றி உளவியலில் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

முதலில், புது வருடத்தன்று எண்ணம் வைப்பதை வெறும் சடங்கு என்று ஒதுக்க வேண்டாம். 2014-இல் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் மூவரும் அமெரிக்காவில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வாரம், மாதம், வருடம் தொடங்கும்போதெல்லாம் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருகிறவர்களும், கூகுளில் டயட் என்று தேடுகிறவர்களும் கூடுகிறார்கள் என்று அதில் காட்டினார்கள். மனம் காலத்தை நோட்டுப் புத்தகம் போலப் பிரித்து வைத்துக்கொள்கிறது. பழைய தோல்விகள் பழைய நோட்டோடு போய்விட, புது நோட்டைத் திறக்கும்போது தெம்பு வருகிறது. நம் கரையில் இப்படிப்பட்ட நாட்களுக்குக் குறைவே இல்லை. தை 1, சித்திரை 1, ரமலான் பிறை இருக்கின்றன. அப்புறம் ஜூன் 14 நள்ளிரவு! 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து, புதுச் சாயம் அடித்த விசைப்படகுகள் கிளம்பும் நேரத்தில் துறைமுகத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தத் தெம்பு என்னவென்று தெரியும்.

ஆனால் தெம்பு வடிந்துவிடும். அது இருக்கும்போதே எண்ணத்தை எதிலாவது கட்டிவிட வேண்டும். எதில் கட்டுவது என்பதைத்தான் ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல வருடங்கள் ஆராய்ந்தார். 1997-இல் வெளியான ஒரு பரிசோதனையில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே குறித்துத் தரச் சொன்னார்கள். அப்படிக் குறித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் எழுதி முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் முடித்தார்கள். எழுத வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருந்தது. வித்தியாசம் அந்த நேரத்திலும் இடத்திலும்தான். 2006-இல் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் இதுபோன்ற 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? "தண்ணீர் குடிக்கணும்" என்பது நாள் முழுக்க நாமே நினைவில் சுமக்க வேண்டிய எண்ணம். வலை, பாசி, பிள்ளை, கடன் என்று மனதில் ஆயிரம் இருக்கும்போது அது எங்கோ அடியில் போய்விடும். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று கட்டிவிட்டால், நினைவுபடுத்தும் வேலையை அந்த 'இது' எடுத்துக்கொள்கிறது. அந்தக் காட்சி கண்ணில் பட்டதும், அதோடு கட்டிய செயலும் கூடவே மேலே வருகிறது.

சித்திக்கு அப்படி ஒன்று வேண்டும். கடலில் இறங்குமுன் பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக் கட்டுவார். அதைச் செய்யாமல் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை. "விரல்ல துணி சுத்துறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு தண்ணி" என்று பேசி முடித்தோம். எனக்கு ரொம்பத் திருப்தி.

ஒரு வாரத்திலேயே அது சொதப்பியது, தப்பு என்னுடையது. கடலுக்குப் போகிற நாட்களில் சித்தி சரியாகக் குடித்தார். போகாத நாட்களில் துணியும் இல்லை, தண்ணீரும் இல்லை. பழக்கத்தின் அடிப்படையையே நான் கவனிக்காமல் விட்டிருந்தேன்: எதில் கட்டுகிறோமோ அது வந்தால்தான் செயலும் வரும். பிறகு தினமும் நடக்கிற ஒன்றைத் தேடினோம். சித்தி விடிகாலையில் வாசல் தெளிப்பார், காற்றானாலும் மழையானாலும். வாளியைக் கவிழ்த்து வைத்ததும் ஒரு சொம்பு என்று மாற்றினோம். சொம்பையும் அங்கேயே, தண்ணீர்க் குடத்தின் மூடிமேல் வைத்தார். கடல் நாட்களில் விரல் துணிச் சொம்பு கூடுதல் கணக்கு.

திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளைக்குள்ளும் மாற்றம் நடக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியல் குழு எலிகளை 'டி' வடிவப் பாதையில் ஓடவிட்டு, மூளையின் உட்பகுதியில் இருக்கும் பேசல் கேங்லியாவின் துடிப்பைப் பதிவு செய்தது. ஆரம்பத்தில் ஓட்டம் முழுக்க அங்கே நரம்பணுக்கள் துடித்தன. பாதை பழகியதும் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடிப்பு உயர்ந்து, நடுவில் அடங்கியது. தனித்தனி அடிகளாக இருந்தது ஒரே கட்டாகிவிட்டது. தொடக்கம் வந்தால் மீதி தானாக ஓடும்.

அதற்கு எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று வாட்ஸப்பில் வருவதை நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். சாப்பாட்டோடு ஒரு பாட்டில் தண்ணீர் குடிப்பது போன்ற சின்னச் செயல்களைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பழக்கம் படிய ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குப் பின். ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. 12 வாரத்தைத் தாண்டும் எண்கள், அதுவரை பதிவான போக்கை நீட்டிக் கணக்கிட்டவை. ஜனவரி 1-இல் தொடங்கினால் ஒருவருக்கு அந்த மாதமே படியலாம், இன்னொருவருக்குச் செப்டம்பர் ஆகலாம். சின்னச் செயல் சீக்கிரம் படிகிறது, உடற்பயிற்சி போன்றவை தாமதமாகின்றன. எண்ணத்தை எளிமையாக வைக்கச் சொல்வது இதனால்தான். எனக்கு மிகவும் பிடித்தது அதே ஆய்வின் இன்னொரு முடிவு: இடையில் ஒருநாள் தவறினால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

சொல்லும் விதத்துக்கும் பங்கு உண்டு. சுவீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் புத்தாண்டு உறுதிகளை ஒரு வருடம் தொடர்ந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. "இதைச் செய்வேன்" என்று வைத்தவர்களில் ஏறக்குறைய 59 சதவீதம் பேர் தாங்கள் வென்றதாகச் சொன்னார்கள். "இதை விடுவேன்" என்றவர்களில் 47 சதவீதம்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. பாசி எடுக்கும் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது மறதியால் மட்டும் இல்லை. கடலில் இருக்கும் நேரம் முழுக்க ஒதுங்க இடம் கிடையாது. அந்தத் தடையை எந்தச் சொம்பும் தீர்க்காது. விடிகாலைச் சொம்பைச் சித்தி தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கிளம்புவதற்கு நேரம் இருக்கும், வீடு பக்கத்தில் இருக்கும்.

பொங்கல் கலகலப்பில் இரண்டு நாள் விட்டுப்போனது. "போச்சுப்பா" என்று முகம் வாடினார். லண்டன் கதையைச் சொன்னேன். தை அமாவாசைக்கு முந்தின நாள் போயிருந்தபோது வாசல் தெளித்து முடித்து, வாளியைக் கவிழ்த்துவிட்டு, சித்தியின் கை குடத்து மூடியைத் தடவியது. சொம்பு அங்கே இல்லை.

"என் சொம்ப யாருடி எடுத்தது?" என்று வீட்டுக்குள் பார்த்துச் சத்தம் போட்டார்.