பெட்ரோகிளிஃப்: கல்வெட்டு அல்ல, பாறைக்கீறல்

வயநாடு போய்வந்த பக்கத்து வீட்டுத் தம்பி கைப்பேசியை நீட்டி, "ஏனுங்கண்ணா, இந்த எடக்கல் கல்வெட்டுல என்னதான் எழுதியிருக்குதுங்க?" என்றான். படத்தில் எழுத்தே இல்லை. குகைப் பாறையில் கீறிய, தலையணி சூடிய ஒரு மனித உருவம். அவன்மேல் தப்பில்லை. அவன் பார்த்த காணொளியில் 'மர்மக் கல்வெட்டு' என்றுதான் சொன்னார்களாம். இப்படிப் பாறையில் கீறிய உருவத்தை ஆங்கிலத்தில் பெட்ரோகிளிஃப் என்பார்கள். அதைக் கல்வெட்டு என்று மாற்றும் இந்த மொழிபெயர்ப்பைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

பெட்ரோகிளிஃப் கிரேக்க வேரிலிருந்து வந்தது. பெட்ரா என்றால் பாறை, கிளிஃபைன் என்றால் செதுக்குவது. எழுத்து என்ற பொருள் அதில் இல்லை.

தமிழில் கல்வெட்டு என்றால் படிக்கக் கூடியது. நம் ஈரோட்டுப் பக்கம் அறச்சலூரில் இருப்பது கல்வெட்டு. 'த தை தா தை த' என்று அசைகளை அடுக்கி, எழுத்தைப் புணர்த்தவன், அதாவது சேர்த்து அமைத்தவன், தேவன் சாத்தன் என்று பெயரையும் தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். செய்தது யார் என்று கேட்டால் கல்லே பதில் சொல்கிறது. எடக்கல் உருவங்கள் அப்படிச் சொல்லாது. அவற்றைக் கல்வெட்டு என்றதும், 'படிக்கத் தெரியாத எழுத்து போல' என்று ஆள் மயங்கிப்போகிறான். பாதி மர்மம் பாறையில் இல்லை, மொழிபெயர்த்தவர் சொல்லில் இருக்கிறது. அதே குகையில் பிற்காலப் பிராமி எழுத்துகளும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் புதிய கற்காலத்தவர் கீறியவை என்று ஆய்வாளர் பலர் கருதும் உருவங்களும், எழுத்தறிந்தவர் பொறித்த பெயர்களும் ஒரே காலத்தவை ஆகிவிடுகின்றன. எத்தனை நூற்றாண்டுகளை ஒரு சொல் விழுங்குகிறது பாருங்கள்!

'பாறை ஓவியம்' என்பாரும் உண்டு. அதுவும் பொருந்தாது. கோவைக்குப் பக்கத்தில் குமிட்டிபதியில் யானையை வெள்ளை நிறத்தில் தீட்டியிருக்கிறார்களே, அது ஓவியம். ஓவியம் கல்லின்மேல் எதையோ சேர்ப்பது. பெட்ரோகிளிஃப் கல்லிலிருந்து எடுப்பது. எடுத்த பின் மிஞ்சுவது பள்ளம்தான். காலம் கணிக்கச் சாயத்துளிகூடக் கிடையாது. யார் செய்தது என்ற கேள்வி இவ்வளவு இழுபடுவதற்கு அது ஒரு காரணம்.

'பாறைச் சிற்பம்' என்றால் மாமல்லபுரம் கண்முன் வந்து நிற்கும். ஆகவே பாறைக்கீறல் என்பதே என் முடிவு. கீறல் என்றால் வண்டியில் விழும் கோடு மாதிரி இருக்கிறது என்கிறார் நண்பர் ஒருவர். கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பானையோட்டுக் குறிகளைக் கீறல் என்றுதானே சொல்கிறோம்? அங்கே யாரும் வண்டியை நினைப்பதில்லை. கோடாகக் கீறாமல் புள்ளி புள்ளியாகத் தட்டி எடுத்த உருவங்களுக்கு மட்டும் வேறு சொல் வேண்டும். அதற்கும் அகராதி புரட்ட வேண்டாம். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் கூவிப் போவார்களே, அவர்கள் உளியால் செய்வதும் அதே வேலைதான். கொத்துருவம் என்று சொல்லிப் பாருங்கள்.

தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். "அப்போ அதுல படிக்க ஒண்ணுமில்லீங்களா?" என்றான். "இல்லப்பா, பார்க்கத்தான் இருக்குது" என்றேன். படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்க்க ஆரம்பித்தான்.