மீள் ஏவூர்தி: சொல் விளக்கம்

"சித்தப்பா, ஏவுகணை திரும்பி வருது, ஓடி வாங்கோ!" என்று பெறாமகன் கத்தியது 2024 ஒக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி இருக்கும். வெள்ளவத்தை வீட்டில் ஒரு கைபேசியைச் சுற்றி ஐந்து தலைகள். டெக்சஸில் அது காலை நேரம். ஏழு நிமிடத்துக்கு முன் கிளம்பிய, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ரொக்கெட்டின் அடிப்பாகம், 71 மீட்டர் உயரம், வாலில் நெருப்போடு இறங்கி வந்து ஏவுகோபுரத்தின் இரண்டு கைகளுக்கு நடுவில் நின்றே விட்டது. அம்மாதான் முதலில் வாய் திறந்தார்: "குழந்தைப் பிள்ளையைக் கமக்கட்டுக்குள்ள கை குடுத்துத் தூக்கிற மாதிரியெல்லோ பிடிக்கிறான்." சரியான கணிப்பு. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, துடுப்புகளுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முளைகளில்தான் அந்த முழு எடையும் தொங்குகிறது.

எனக்கு உறுத்தியது பெறாமகன் சொன்ன சொல். கணை என்றால் அம்பு, எய்தால் போனதுதான். (ராமபாணம் மட்டும் வேலை முடிந்ததும் தூணிக்குத் திரும்பும் என்பார்கள், அதை விடுங்கள்.) ஏவுகணை என்பது இலக்கைத் தாக்கப் போகிற மிசைல், இந்த நாட்டில் நாற்பது வயது தாண்டிய யாருக்கும் அந்தச் சொல்லைக் கேட்டதும் விண்வெளி நினைவுக்கு வராது. செய்மதியையோ ஆட்களையோ சுமந்துகொண்டு மேலே போவதற்கு ஏவூர்தி என்ற நல்ல சொல் இருக்கிறது: ஏவு, ஊர்தி, அவ்வளவுதான்.

நாம் ரொக்கெட் என்றும் அக்கரையில் ராக்கெட் என்றும் எழுதுகிற சொல் இத்தாலியிலிருந்து வந்தது. நூல் நூற்கும்போது பஞ்சைச் சுற்றி வைக்கும் கோலுக்கு அங்கே ரொக்கா என்று பெயர், சின்னக் கோல் ரொக்கெட்டா. வாணவெடியின் உருவம் அதைப் போல இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் நூல் கோலைப் பார்த்த இடத்தில் நம்மவர்கள் அம்பைப் பார்த்தார்கள், பாணம் வாணமானது. 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயர் மீது விட்டதும் இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்த வாணங்களைத்தான். இன்று அந்தச் சொல் கோயில் திருவிழா வாணவேடிக்கையிலும் புஸ்வாணத்திலும் ஒதுங்கிவிட்டது, அதைப் போய் திரும்ப இழுத்துவர வேண்டாம்.

இனி 'திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய' என்ற நீளமான வாலை என்ன செய்வது? தமிழ்நாட்டில் மறுபயன்பாட்டு ஏவூர்தி என்பார்கள். இங்கே நமக்கு மறு வருகிற பல இடங்களில் மீள் வரும்: மீள்பரிசீலனை, மீள்சுழற்சி, மீள்குடியேற்றம். ஏதோ வட்டார வழக்கு என்று விட்டுவிடலாம், ஆனால் இந்த இடத்தில் நம் மீள்தான் கெட்டிக்காரச் சொல். மறு என்றால் இன்னொரு தடவை. மீள் என்றால் போன இடத்திலிருந்து திரும்புவது. செட்டியார் தெருவில் அடைவு வைத்த சங்கிலியை மீட்கிறோம் அல்லவா, அதே வேர். புதுச் சங்கிலி வாங்குவதற்கு யாரும் மீட்பது என்று சொல்வதில்லை, கையை விட்டுப் போன அதே பொருள் கைக்கு வரவேண்டும். செத்தவருக்கு மீளாத்துயில் என்று போடுவதும் அதனால்தான்.

இந்த வேலையும் அடைவு மீட்பதுதான். முன்பெல்லாம் ஏவூர்தியின் முதற்கட்டம், அதாவது அடிப்பாகம், எரிபொருள் தீர்ந்ததும் கடலில் விழுந்து நாசமாகும். 2019இல் நம் பொறியியலாளர் இருவர் செய்த ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள ராவணா 1 செய்மதி ஏறிப்போன அன்டாரஸ் கூட அப்படிப்பட்டதுதான். ஸ்பேஸ்எக்ஸின் பால்கன் 9 ஏவூர்தியின் முதற்கட்டம் 2015 டிசம்பரில் முதல் தடவை நின்றபடி தரையிறங்கியது, 2017 மார்ச்சில் ஒருமுறை போய் வந்த அதே முதற்கட்டம் மறுபடி பறந்தது, இப்போது ஒன்றே 30 தடவைக்கு மேல் போய் வந்திருக்கிறது. மேற்கட்டம் மட்டும் இன்னும் மீளாதது, ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகத்தான் செய்கிறார்கள். ஆகவே கறாராகப் பார்த்தால் பால்கன் அரைகுறை மீள் ஏவூர்தி.

'தரையிறங்கியது' என்று எழுதும்போதும் கொஞ்சம் இடறுகிறது. கடலில் மிதக்கும் மேடையில் இறங்குவதைத் தரையிறக்கம் என்று சொல்லிப் பழகிவிட்டோம், போகட்டும். கோபுரம் பிடித்ததற்கு அதுவும் பொருந்தாது, கால் எங்கும் படவே இல்லையே. அதற்கு 'ஏந்தியது' என்று எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. மீள் ஏவூர்தி என்ற புதுச் சொல்லைப் பெறாமகன் ஏற்றுக்கொண்டான். ஆனால் புணர்ச்சி விதிப்படி மீளேவூர்தி என்று சேர்த்து எழுதிக் காட்டியதும் சிரித்துவிட்டான். இடைவெளி விட்டே எழுதுவோம்.