வலி போகணும், கால் போகக்கூடாது

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எங்கள் ஆயாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். தைப்பூசத்தில் வேல் குத்திக் காவடி எடுத்தவர். ஊசிக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் வலி தெரியாமல் மரக்கவைக்கும் ஊசியைப் பற்றி மயக்க மருத்துவர் விளக்கியதும் ஆயா ஒரு கேள்வி கேட்டார்: "வலி போகட்டும். காலும் மரத்துப்போச்சுன்னா நான் எப்படி எழுந்து நடப்பேன்?" நான்தான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவர் சிரித்துவிட்டார். அவர்கள் துறையையே வெகுகாலம் படுத்திய கேள்வி அது.

அறுவையின்போது முதுகில் போடும் ஊசி சில மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் வரும் வலிக்கு மார்ஃபின் கொடுக்கலாம். கூடவே குமட்டல், மலச்சிக்கல், வயதானவர்களுக்கு மனக்குழப்பமும் வரலாம். அதனால்தான் வலிச்செய்தியை மூளைக்குப் போகும் வழியிலேயே மறிக்கப் பார்க்கிறார்கள்.

நரம்பில் செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. நரம்பின் சவ்வில் உள்ள நுண்ணிய வாசல்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்தப் பாய்ச்சல் பக்கத்து வாசலைத் திறக்கிறது, அது அடுத்ததை. புபிவாகெய்ன், ரோபிவாகெய்ன் போன்ற மரக்கவைக்கும் மருந்துகள் சவ்வைக் கடந்து போய், உள்பக்கத்திலிருந்து இந்த வாசல்களை அடைத்துவிடும். காயம் அப்படியே இருக்கும், சேதி மட்டும் போகாது.

முன்பெல்லாம் தொடை நரம்பையே மரக்கவைப்பார்கள். வலி அடங்கும். ஆனால் முழங்காலை நீட்டும் தசையை இயக்குவதும் அதே நரம்புதான். எழுந்து நின்றால் முழங்கால் மடங்கிவிடும். புது மூட்டோடு கீழே விழுவதற்கு வலியே தேவலை.

2018இல் 'பெங் பிளாக்' என்ற முறை வெளியானது. மூட்டுறை நரம்புக் கூட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் பெங். அதை எழுதிய மருத்துவர்களில் ஒருவர் பெயரும் பிலிப் பெங்! மூட்டுறையின் முன்பக்கத்தில்தான் வலியறியும் நுனிகள் அதிகம். தொடை நரம்பிலிருந்தும் தொடையின் உட்பக்கத்துக்குப் போகும் ஆப்டுரேட்டர் நரம்பிலிருந்தும் அங்கே வரும் சிறு கிளைகள் இடுப்பெலும்பை ஒட்டியே போகின்றன. அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, இடுப்பை மடக்கும் சோவாஸ் தசையின் நாணுக்கும் எலும்புக்கும் நடுவில் ஊசியைக் கொண்டுபோய்ச் சுமார் 20 மில்லி மருந்தைச் செலுத்துகிறார்கள். கிளைகள் மரத்துப்போகும், அடிமரம் பெரும்பாலும் தப்பிவிடும். பெரும்பாலும்தான், மருந்து பரவினால் தொடை கொஞ்சம் தளரலாம். மூட்டின் பின்பக்கத்துக்கும் தோலில் போட்ட வெட்டுக்கும் இது போதாது, அதற்குப் பாரசிட்டமால் மாதிரி வேறு மருந்துகளும் வேண்டும்.

மருந்து ரத்தக்குழாயில் நேராக இறங்கினால் இதயத்தைப் பாதிக்கும். அதனால் ஊசியைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவார்கள்.

ஆயாவுக்கும் இதைத்தான் போட்டார்கள். அன்று மாலையே அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரை நடந்தார். இரவு நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தார். மரப்பு விலகும்போது வலி திடீரென்று ஏறும், அதற்கு முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும் என்பது கணக்கு. "வலிதான் இல்லையே" என்று ஆயா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். விடியற்காலை நாலு மணிக்குத் தேடினார்.